செடிகொடியிலிருந்து ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து: எது நிஜ மருந்து, எது இன்னும் ஆய்வகத் தட்டில்?

கார்முகில்:

என் அத்தானுக்கு நாள்பட்ட லிம்ஃபோசைட்டிக் லுகேமியா, சுருக்கமாக சி.எல்.எல்., என்ற ரத்தப் புற்றுநோய் இருப்பதாகத் தெரியவந்திருக்கிறது. ஆரம்ப நிலைதான், இப்போதைக்கு மருந்து வேண்டாம், அவ்வப்போது ரத்தப் பரிசோதனை செய்து கவனித்து வருவோம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வீட்டில் யாருக்கும் இது ஒப்பவில்லை. புற்றுநோய் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள் என்றால் அக்காவுக்கு எப்படித் தூக்கம் வரும்?

அதனால் ஆளாளுக்குக் கட்டுரைகள் அனுப்பியபடி இருக்கிறார்கள். ஒரு வேரின் சாறு லுகேமியா செல்களை 48 மணி நேரத்தில் அழித்தது, மஞ்சளில் இருக்கும் குர்குமின் புற்றுநோயை அடக்கும், பச்சைத் தேயிலையில் மருந்து இருக்கிறது, இப்படி. சில கட்டுரைகளில் பெயர்பெற்ற ஆய்விதழ்களின் பெயரும் இருக்கிறது. எல்லாமே பொய் என்று தள்ளவும் மனம் வரவில்லை. தாவரப் பொருட்களில் ரத்தப் புற்றுநோய்க்கு நிஜமாகவே வேலை செய்பவை உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆய்வகத்தோழி:

உண்டு. அதுவும் எதிர்காலத்தில் வரப்போவதாக இல்லை, அறுபது வருடமாகவே மருத்துவமனைகளில் இருக்கிறது. குழந்தைகளுக்கு வரும் தீவிர லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியாவுக்கு உலகம் முழுக்கக் கொடுக்கப்படும் வின்கிரிஸ்டின், நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வந்தது. மடகாஸ்கர் தீவுதான் அந்தச் செடியின் பூர்வீகம்.

அது கிடைத்த விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும், நீங்கள் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் அதில் இருக்கிறது. 1952-இல் கனடாவில் கிளார்க் நோபிள் என்ற மருத்துவருக்கு ஜமைக்காவிலிருந்து இந்த இலைகள் வந்தன. அங்கே சர்க்கரை நோய்க்கு இதைக் கொதிக்க வைத்துக் குடித்து வந்தார்கள். அவர் அதைத் தம்பி ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார். ராபர்ட்டின் ஆய்வகத்தில் எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தபோது சர்க்கரை அளவு அசையவே இல்லை. அதே சாற்றை ஊசியாகச் செலுத்தியபோது எலிகள் நோய்த்தொற்றால் செத்துப்போயின. ஏன் என்று தோண்டிப் பார்த்தால், வெள்ளணுக்கள் படுவேகமாகச் சரிந்திருந்தன, எலும்பு மஜ்ஜை ஒடுங்கியிருந்தது. தேடிய மருந்து கிடைக்கவில்லை. ஆனால் வெள்ளணுக்களை இப்படிக் குறைக்கிற ஒரு பொருள், வெள்ளணுக்கள் கட்டுமீறிப் பெருகும் நோயில் உதவாதா என்ற கேள்வி பிறந்தது. வேதியியலாளர் சார்லஸ் பீருடன் சேர்ந்து 1958-இல் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்திலும் இதே செடியை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அங்கிருந்து வின்கிரிஸ்டின் வந்தது, 1963-இல் அனுமதியும் பெற்றது.

இது வேலை செய்யும் விதம் எளிது. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்க நுண்குழல்கள் என்ற இழைகள் வேண்டும். அவை ட்யூபுலின் என்ற புரதத் துண்டுகள் ஒன்றோடொன்று கோர்த்து உருவாகின்றன. வின்கிரிஸ்டின் ட்யூபுலினைப் பிடித்துக்கொண்டு கோர்க்கவிடாது. பிரிய ஆரம்பித்த செல் நடுவழியில் நின்று மடிகிறது.

இன்று வசதியான நாடுகளில் அந்தக் குழந்தைப் பருவ லுகேமியாவிலிருந்து பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள். வின்கிரிஸ்டின் தனியாகச் சாதித்ததல்ல அது, பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையின் பலன். ஆனால் அந்தக் கூட்டணியில் ஆரம்பம் முதல் இன்றுவரை இந்தச் செடியின் மருந்து இடம் இழக்கவில்லை. நிணநீர்ச் செல்களில் வரும் புற்றுநோயான லிம்போமாவுக்குத் தரும் 'சாப்' என்ற கூட்டு மருந்திலும் வின்கிரிஸ்டின் உண்டு. ஹாட்ஜ்கின் லிம்போமாவுக்கான 'ஏ.பி.வி.டி.' கூட்டில் இருப்பது அதன் உடன்பிறப்பான வின்பிளாஸ்டின்.

மரநிழல்:

அப்படியானால் அந்த இலையையே கஷாயம் வைத்துக் குடித்துவிடலாமே? எதற்குக் கம்பெனி, ஊசி எல்லாம்?

ஆய்வகத்தோழி:

மரநிழல் ஐயா, தயவுசெய்து யாரும் செய்துவிடாதீர்கள். காரணங்களை விளக்கமாகவே சொல்கிறேன்.

அந்த இலையில் ஆல்கலாய்டுகள் என்ற வகை வேதிப்பொருட்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. அவற்றில் வின்கிரிஸ்டின் இருப்பது மிகமிகச் சொற்பம். ஒரு கிராம் எடுக்கப் பல நூறு கிலோ உலர்ந்த இலை தேவைப்படும். இலையில் அதிகம் இருக்கிற மற்ற ஆல்கலாய்டுகள் தம்பாட்டுக்கு வேறு வேலை செய்யும். அவற்றில் ரத்த அழுத்தத்தைக் குறைப்பவையும் உண்டு. ஆகக் கஷாயத்தில் உங்களுக்கு வேண்டியது அநேகமாக இருக்காது, வேண்டாதது நிறைய இருக்கும்.

அடுத்தது, வின்கிரிஸ்டினை ஊசி மூலம் ரத்தக் குழாய் வழியாக மட்டும்தான் செலுத்துகிறார்கள். நோபிளின் எலிகளுக்கு வாய்வழியே கொடுத்தபோது எதுவும் நடக்காததை நினைத்துப் பாருங்கள்.

அளவு விஷயத்தில்தான் உண்மையான ஆபத்து. பெரியவர்களுக்கு உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 1.4 மில்லிகிராம் என்று கணக்கிட்டு, ஒரு தடவைக்கு மொத்தம் 2 மில்லிகிராமைத் தாண்டாமல் கொடுப்பதுதான் பெரும்பாலான இடங்களில் வழக்கம். அதற்கு மேல் போனால் நரம்புகள் கெடும். இந்த அளவிலேயே பலருக்கு விரல்கள் மரத்துப்போகின்றன. மில்லிகிராம் கணக்கில் அளக்கும் ஒன்றைக் கைப்பிடி இலையில் எப்படி அளப்பீர்கள்? செடிக்குச் செடி, பருவத்துக்குப் பருவம் ஆல்கலாய்டு அளவு மாறும்.

இந்தச் சொற்ப விளைச்சல் இன்னொரு சங்கடத்தையும் தருகிறது. 2019-இல் அமெரிக்காவில் ஒரு தயாரிப்பாளர் விலகியதும் வின்கிரிஸ்டினுக்குத் தட்டுப்பாடு வந்து, குழந்தைகளின் சிகிச்சையே ஆட்டம் கண்டது. 2022-இல் ஜே கீஸ்லிங் குழுவினர் ஈஸ்ட் செல்லுக்குள் ஏராளமான மரபணு மாற்றங்களைச் செய்து, வின்பிளாஸ்டினுக்கு வேண்டிய கேதரந்தின், விண்டோலின் ஆகிய இரண்டு மூலப்பொருட்களையும் அதையே உண்டாக்க வைத்தார்கள். பிறகு அந்த இரண்டையும் வேதிமுறையில் இணைத்தார்கள். வயலை நம்பாமல் தொட்டியில் மருந்தை விளைவிக்கும் முயற்சி. எனக்கு இந்தத் துறையில் மிகவும் நம்பிக்கை தருகிற வேலைகளில் அது ஒன்று.

வெள்ளுடை:

புற்றுநோய்ப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். வின்கிரிஸ்டின் பற்றி ஆய்வகத்தோழி சொன்னதோடு நேரில் பார்க்கும் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

மலச்சிக்கல் கடுமையாக வரும், குடல் அசைவே நின்றுபோவதும் உண்டு. தாடை வலி வரும். சில குழந்தைகளுக்குப் பாதத்தைத் தூக்கி நடக்க முடியாமல் போகும், மெல்லத்தான் சரியாகும். இந்த மருந்து தவறுதலாகத் தண்டுவட நீருக்குள் போனால் பெரும்பாலும் உயிரே போய்விடும். அதனால்தான் ஊசிக்குழலில் எடுக்காமல் சிறு பையில் கலந்தே ஏற்ற வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்துகிறது. ஒரு பூச்செடியிலிருந்து வந்ததுதானே என்று யாரும் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

இன்னொன்று. கல்லீரலில் சைப் 3ஏ4 என்ற நொதி இருக்கிறது. வின்கிரிஸ்டினை உடைத்து வெளியேற்றுவது அதன் வேலை. வோரிகொனசோல், போசகொனசோல் போன்ற பூஞ்சைக்கொல்லி மருந்துகள் அந்த நொதியை அடக்கிவிடும். அப்போது அதே 2 மில்லிகிராம் உடலில் இரண்டு மடங்குபோல வேலை செய்து நரம்பைத் தாக்கலாம். இதே நொதியை அடக்குகிற, தூண்டுகிற மூலிகைகளும் இருக்கின்றன. நோயாளி வீட்டில் என்ன சாப்பிடுகிறார் என்று நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதற்காகத்தான். குறுக்கு விசாரணை என்று நினைக்காதீர்கள்.

நீலவானம்:

வின்கிரிஸ்டினோடு முடிந்துவிடவில்லை, இன்னும் இரண்டு முக்கியமானவை இருக்கின்றன.

எட்டோபோசைட். போடோஃபில்லம் என்ற செடியின் வேர்த்தண்டில் போடோஃபில்லோடாக்சின் என்ற பொருள் இருக்கிறது. வட அமெரிக்காவில் ஒரு வகை, இமயமலையில் ஒரு வகை. அந்தப் பொருள் அப்படியே உள்ளே போனால் கடும் விஷம். வேதியியலாளர்கள் அதன் அமைப்பை மாற்றிச் சர்க்கரைப் பகுதி ஒன்றைச் சேர்த்தபோது நச்சு குறைந்தது மட்டுமல்ல, வேலை செய்யும் முறையே மாறிவிட்டது. மூலப்பொருள் ட்யூபுலினைப் பிடிக்கும். எட்டோபோசைட் டோபோஐசோமரேஸ் 2 என்ற நொதியைப் பிடித்து டி.என்.ஏ.வை உடைந்த நிலையிலேயே நிறுத்தும். 1983-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, லிம்போமாவிலும் லுகேமியாவிலும் பயன்படுகிறது. அதே டி.என்.ஏ. உடைப்பால் சிலருக்குச் சில வருடங்கள் கழித்துப் புதிதாக ஒரு லுகேமியாவே வருகிறது. 11-ஆம் குரோமோசோமில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் உடைந்து ஒட்டுவதால் வருவது அது. தாவரத்திலிருந்து வந்தது என்பதால் பக்கவிளைவு இருக்காது என்று நம்புகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்புறம் ஹோமோஹாரிங்டோனின். செஃபலோடாக்சஸ் என்ற ஊசியிலை மரத்திலிருந்து வருவது. சீனாவில் 1970-கள் முதலே தீவிர மைலாய்டு லுகேமியாவுக்குக் கொடுத்து வந்தார்கள். செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமில் புதிய அமினோ அமிலம் வந்து உட்காரும் இடத்தை இது அடைத்துவிடும், புரத உற்பத்தி நிற்கும். லுகேமியா செல்கள் சாகாமல் தப்பிக்க நம்பியிருக்கும் சில புரதங்கள் குறைந்த ஆயுள் கொண்டவை, எம்.சி.எல். 1 மாதிரி. உற்பத்தி நின்றால் முதலில் தீர்ந்துபோவது அவைதான். 2012-இல் ஒமாசெடாக்சின் என்ற பெயரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நாள்பட்ட மைலாய்டு லுகேமியாவில், அந்த நோய்க்கு வழக்கமாகத் தரும் இமாடினிப் வகை மருந்துகள் இரண்டோ அதற்கு மேலோ பலனளிக்காதவர்களுக்கு.

இன்னொரு விஷயம், இயற்கையிலிருந்து வந்த மருந்தெல்லாம் செடியிலிருந்து வந்ததல்ல. டானோரூபிசின் மண்ணில் வாழும் பாக்டீரியா தந்தது. சைட்டரபினுக்கு வழிகாட்டியது ஒரு கடற்பஞ்சு.

கார்முகில்:

இவ்வளவு விளக்கத்துக்கு நன்றி. இதெல்லாம் அனுமதி பெற்றவை, சரி. ஆனால் எனக்கு வரும் கட்டுரைகள் வேறு மாதிரி. "லுகேமியா செல்கள் 48 மணி நேரத்தில் 80 சதவீதம் செத்தன" என்று போட்டிருக்கும். அது பொய்யா?

ஆய்வகத்தோழி:

பொய்யாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அந்தத் தட்டில் நிஜமாகவே செத்திருக்கும். கேள்வி, அது மனித உடலுக்கு எவ்வளவு பொருந்தும் என்பது.

இந்த ஆய்வுகளில் வழக்கமாக வரும் பெயர்கள் எச்.எல்.60, கே562, ஜுர்காட். பல பத்தாண்டுகளுக்கு முன் நோயாளிகளிடமிருந்து எடுத்து அன்றிலிருந்து தட்டுகளில் வளர்ந்துவரும் செல்கள். திரவத்தில் தனித்தனியாக மிதக்கும். அவற்றைச் சூழ்ந்து காப்பாற்ற எலும்பு மஜ்ஜை கிடையாது, மேலே ஊற்றும் பொருளை உடைக்கக் கல்லீரலும் கிடையாது. ஊற்றியது முழுவதும் செல்லுக்குப் போய்ச் சேரும்.

ஆகவே கட்டுரையில் முதலில் பார்க்க வேண்டியது செறிவு. குர்குமினை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டில் லுகேமியா செல்களைக் கொல்லப் பல ஆய்வுகளில் 10, 20 மைக்ரோமோலார் (செறிவை அளக்கும் அலகு) வரை ஊற்றுகிறார்கள். மனிதர்கள் ஒரு நாளைக்கு 8 கிராம் விழுங்கிய ஒரு சோதனையில் ரத்தத்தில் எட்டிய உச்சம் 2 மைக்ரோமோலாருக்கும் கீழே. வேறு பல சோதனைகளில் அதைவிடவும் மிகக் குறைவு. அடுத்துப் பார்க்க வேண்டியது, அதே செறிவில் ஆரோக்கியமான ரத்த செல்களுக்கு என்ன ஆனது என்பது. அதைச் சோதிக்காத கட்டுரையை நான் மேற்கொண்டு படிப்பதில்லை.

இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதற்கு ஃபிளாவோபிரிடால் கதையைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. இந்திய மரம் ஒன்றில் கிடைத்த ரோஹிடுகின் என்ற பொருளை மாதிரியாக வைத்து உருவாக்கிய மருந்து. செல்களின் சுழற்சியை ஓட்டும் சி.டி.கே. நொதிகளை நிறுத்தும். தட்டில் சி.எல்.எல். செல்களை அருமையாகக் கொன்றது. நோயாளிகளுக்கு 24 மணி நேரம், 72 மணி நேரம் என்று தொடர்ச்சியாக ஏற்றிப் பார்த்தார்கள், பலன் ஒன்றுமில்லை. காரணம் இதுதான்: தட்டுகளில் செல்களை வளர்க்க ஊற்றியிருந்தது கன்றுக்கருவின் சீரம். மனித பிளாஸ்மாவின் புரதங்களோடு இந்த மருந்து அதைவிட மிக அதிகமாக ஒட்டிக்கொள்ளும், செல்லைத் தாக்கச் சுதந்திரமாக மிஞ்சுவது கொஞ்சம்தான். இதைக் கண்டுபிடித்து, முதல் அரை மணி நேரத்தில் ஒரு பெரிய அளவும் அடுத்த நான்கு மணி நேரத்தில் மீதியும் கொடுக்கும்படி முறையை மாற்றினார்கள். 2007-இல் வெளியான முடிவில், மற்ற மருந்துகளுக்கு அடங்காத சி.எல்.எல். நோயாளிகள் 42 பேரில் 45 சதவீதம் பேருக்கு நோய் கணிசமாகக் குறைந்தது.

அதோடு புதிய ஆபத்தும் வந்தது. செல்கள் ஒரே நேரத்தில் அத்தனை வேகமாக உடைந்து, உள்ளிருந்த பொட்டாசியம் ரத்தத்தில் கொட்டி, சிலருக்கு டயாலிசிஸ் வரை போக வேண்டியிருந்தது. அல்வோசிடிப் என்ற பெயரில் பின்னர் தீவிர மைலாய்டு லுகேமியாவிலும் சோதித்தார்கள். இத்தனைக்குப் பிறகும் அது அனுமதி பெற்ற மருந்தாகவில்லை. ஒரே மூலக்கூறு, முறை மாறினால் பயனற்றது, முறை சரியானால் பலனுள்ளது, கவனம் தப்பினால் உயிருக்கே ஆபத்து. தட்டில் செல் செத்த நாளிலிருந்து எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

வேர்மொழி:

எல்லோரும் ஒரு பக்கமாகவே பேசுகிறீர்கள் என்று படுகிறது. இயற்கையில் அப்படியே கிடைக்கும் பொருளுக்குக் காப்புரிமை வாங்குவது கடினம், அதனால் பெரிய நிறுவனங்கள் பணம் போட முன்வருவதில்லை. சோதனை நடக்காததால் ஆதாரம் இல்லை, ஆதாரம் இல்லாததால் சோதனை நடப்பதில்லை. இந்தச் சுழலைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை?

பச்சைத் தேயிலையைச் சி.எல்.எல். நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், அமெரிக்காவின் மாயோ கிளினிக் மருத்துவமனையில். பலன் தெரிந்தது. கார்முகில் கேட்டது அதே நோயைப் பற்றித்தானே? குர்குமின் மட்டும் எடுத்துக்கொண்டு, எலும்பு மஜ்ஜையில் வரும் ரத்தப் புற்றுநோயான மைலோமா ஐந்து வருடத்துக்கும் மேலாக அடங்கியிருந்த ஒரு நோயாளியைப் பற்றி 2017-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ்க் குழுமமே வெளியிட்டது.

நீலவானம்:

வேர்மொழி அண்ணா, காப்புரிமை பற்றி நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பொதுப்பணத்தில் இந்தச் சோதனைகள் நடக்க வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். அப்படிச் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்குச் சீனாவே சாட்சி.

தீவிர புரோமைலோசைட்டிக் லுகேமியாவுக்கு அங்கே ஒரு பாரம்பரியக் கூட்டு மருந்து இருக்கிறது. ஆர்சனிக் உள்ள மனோசிலை, நீலச்சாயம் தரும் செடிகளிலிருந்து எடுக்கும் நீலப்பொடி, டான்ஷென் வேர் முதலானவை சேர்ந்தது. அதை மாத்திரையாக்கி, ஊசி மூலம் ஏற்றும் ஆர்சனிக் ட்ரையாக்சைடோடு நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். இரு பிரிவினருக்கும் வைட்டமின் ஏ வகை மருந்தான ஏ.டி.ஆர்.ஏ.வும் உண்டு. மொத்தம் 242 நோயாளிகள், யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். 2013-இல் வந்த முடிவில், இரண்டு வருடம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் மாத்திரைப் பிரிவில் 98.1 சதவீதம், ஊசிப் பிரிவில் 95.5 சதவீதம். மாத்திரை ஊசிக்குக் குறைந்ததல்ல என்று நிரூபணமானது. மருத்துவமனையில் நாள்கணக்கில் கிடக்க வேண்டியவர் வீட்டிலிருந்தே மருந்து எடுத்துக்கொள்ளலாம் என்றால் அது சாதாரண விஷயமா?

இதில் தாவரங்களின் பங்கு என்ன என்பதையும் தேடிப் பிடித்தார்கள். நீலப்பொடியிலுள்ள இண்டிருபினும் டான்ஷெனிலுள்ள டான்ஷினோனும் லுகேமியா செல்லின் சவ்வில் அக்வாகிளிசெரோபோரின் 9 என்ற வாசல்களைக் கூட்டுகின்றன, அந்த வழியே ஆர்சனிக் அதிகம் உள்ளே போகிறது. நோயைக் கொல்வதில் முதல் கை ஆர்சனிக்குத்தான், அதற்கு வழி திறந்துவிடுவது தாவரப் பொருட்கள்.

கூட்டு மருந்து என்பதால் யாரும் ஒதுக்கவில்லை. எண்ணிக்கையோடு, ஒப்பீட்டோடு வந்தபோது உலகம் ஏற்றுக்கொண்டது. ஒரு எச்சரிக்கை, இது ஆர்சனிக். இதயத் துடிப்பையும் கல்லீரலையும் கண்காணித்துக்கொண்டே கொடுக்கும் மருந்து. வெளியில் யாரோ கொடுக்கும் பொட்டலத்தோடு இதைச் சேர்த்துப் பார்க்கக் கூடாது.

ஆய்வகத்தோழி:

வேர்மொழி குறிப்பிட்ட இரண்டு ஆய்வுகளும் உண்மையானவை. அவற்றில் என்ன இருக்கிறது என்பதை முழுதாகப் பார்த்துவிடலாம்.

மாயோ கிளினிக்கின் இரண்டாம் கட்டச் சோதனை 2013-இல் வெளியானது. மருந்து இன்னும் தேவைப்படாத, ஆரம்ப நிலை சி.எல்.எல். நோயாளிகள் 42 பேர். கார்முகிலின் அத்தானைப் போன்றவர்கள்தான். பச்சைத் தேயிலையிலுள்ள இ.ஜி.சி.ஜி. என்ற வேதிப்பொருள் செறிந்த, அளவு நிர்ணயித்த சாற்றைத் தினம் இரண்டு வேளை, வேளைக்கு 2000 மில்லிகிராம், ஆறு மாதம் வரை கொடுத்தார்கள். 31 சதவீதம் பேருக்கு லிம்ஃபோசைட் எண்ணிக்கை 20 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்து நிலைத்தது. நெறிகட்டி இருந்தவர்களில் 69 சதவீதம் பேருக்கு அது பாதியோ அதற்கு மேலோ சுருங்கியது. உற்சாகம் தரும் எண்கள், நான் மறைக்க மாட்டேன். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத பிரிவு அதில் இல்லை. நோயாளிகள் அதனால் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்றோ, கீமோ தள்ளிப்போனது என்றோ அந்தச் சோதனையை வைத்துச் சொல்ல முடியாது. கோப்பையில் குடிக்கும் தேநீருக்கும் இந்த அளவுக்கும் சம்பந்தமில்லை. இ.ஜி.சி.ஜி. நாளுக்கு 800 மில்லிகிராமை எட்டினாலே கல்லீரல் நொதிகள் உயர வாய்ப்புண்டு என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்திருக்கிறது.

இதே இ.ஜி.சி.ஜி. மைலோமா நோயாளிக்குப் போனால் கதை தலைகீழ். மைலோமாவுக்குத் தரும் போர்டெசோமிப் என்ற மருந்தில் போரான் அணு உள்ள ஒரு பகுதி இருக்கிறது, மருந்து புற்றணுவைப் பிடிப்பதே அதனால்தான். இ.ஜி.சி.ஜி. நேராகப் போய் அந்தப் பகுதியிலேயே ஒட்டிக்கொள்கிறது. 2009-இல் வந்த ஆய்வில் தட்டிலும் எலியிலும் போர்டெசோமிபின் வேலையை இது முடக்கியது. போர்டெசோமிப் எடுப்பவர்கள் பச்சைத் தேயிலைச் சாற்று மாத்திரைகளைத் தொடக்கூடாது என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். நல்லது என்று எடுத்துக்கொண்டது மருந்தையே அணைத்துவிடும் என்பதை நினைத்தால் எனக்குப் பதறுகிறது. நோயாளி மாதக்கணக்கில் கீமோவின் கஷ்டத்தை எல்லாம் அனுபவித்துவிட்டு பலனை மட்டும் இழக்கக்கூடும்.

குர்குமின் நோயாளி விஷயம் ஒரே ஒருவருடைய அனுபவம். மைலோமா சிலரிடம் தானாகவே நீண்ட நாள் அடங்கியிருக்கும். அவருக்கு நடந்தது குர்குமினாலா இல்லையா என்பதை ஒருவரை வைத்துப் பிரித்தறிய வழியில்லை. மறுபுறம் 2017-இல் வேதியியலாளர்கள் குர்குமின் பற்றிய மொத்த ஆய்வுகளையும் அலசி, நூற்றுக்கு மேற்பட்ட மனிதச் சோதனைகள் நடந்தும் இருமுனை மறைப்போடு, அதாவது யாருக்கு மருந்து, யாருக்குப் போலி என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் நடந்த ஒரு சோதனைகூட வெற்றி பெறவில்லை என்று எழுதினார்கள். அது நிலையற்ற மூலக்கூறு, எதைத் தொட்டாலும் வினைபுரிவதுபோலச் சோதனைக் கருவிகளை ஏமாற்றும்.

கார்முகில்:

அக்கா ஏற்கனவே குர்குமின் மாத்திரை வாங்கி வைத்திருக்கிறார். மிளகுச் சத்து சேர்த்தது, உடலில் நன்றாகச் சேரும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. அத்தான் இப்போது எந்த மருந்தும் எடுக்கவில்லையே, அதனால் பாதகமில்லை என்று நினைக்கலாமா?

வெள்ளுடை:

தம்பி, நான் நினைக்கமாட்டேன். மிளகிலுள்ள பைப்பரின் குர்குமினை ரத்தத்தில் 20 மடங்கு கூட்டியது என்ற 1998-ஆம் வருட ஆய்வைத்தான் அந்த அட்டைகள் சொல்கின்றன. பைப்பரின் அதைச் செய்வது உடலின் வெளியேற்றும் நொதிகளை அடக்கித்தான். குர்குமினை மட்டும் தேர்ந்தெடுத்து அடக்கும் திறமை அதற்குக் கிடையாது, ரத்த அழுத்த மாத்திரை முதல் எல்லாவற்றையும் அது பாதிக்கலாம். இந்த வகை மாத்திரைகளால் கல்லீரல் வீங்கி மருத்துவமனையில் சேர்ந்தவர்களைப் பற்றி அமெரிக்காவின் கல்லீரல் பாதிப்புக் கண்காணிப்புக் குழு 2022-இல் அறிக்கை வெளியிட்டது. அவர்களில் பலர் ஒரு குறிப்பிட்ட மரபணு வகை உள்ளவர்கள். யாருக்கு அது இருக்கிறது என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது. சமையலில் சேரும் மஞ்சளைப் பற்றி நான் பேசவில்லை, கிராம் கணக்கில் செறிந்த மாத்திரையைப் பற்றிச் சொல்கிறேன்.

அத்தானுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. நாளை சிகிச்சை தொடங்கினால் இப்ரூடினிபோ வெனிடோகிளாக்ஸோ கொடுக்கக்கூடும். இரண்டையும் உடைப்பது நான் முன்பு சொன்ன அதே சைப் 3ஏ4. கிரேப்ஃப்ரூட் சாறுகூடக் கூடாது என்று எழுதியே கொடுப்போம். எதிர்த்திசையிலும் நடக்கும்: மனச்சோர்வுக்கு எடுக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை அந்த நொதியைத் தூண்டிவிட்டு, இமாடினிபின் அளவை ரத்தத்தில் சுமார் 30 சதவீதம் குறைத்ததை 2004-இல் காட்டினார்கள். லுகேமியா நோயாளிக்கு 30 சதவீதம் குறைவது என்றால் நோய் தலைதூக்க இடம் கொடுப்பது.

அப்புறம், சும்மா இருக்கச் சொன்னது உங்கள் வீட்டாரை வருத்துவது புரிகிறது. ஆரம்ப நிலை சி.எல்.எல்.லில் அறிகுறி இல்லாதபோதே பழைய கீமோ மருந்துகளைக் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனைகளில் ஆயுள் கூடவில்லை. அதனால்தான் காத்திருக்கச் சொல்கிறார்கள். சிலருக்கு வருடக்கணக்கில் மருந்தே தேவைப்படாது. கைவிட்டுவிட்டார்கள் என்று அக்கா நினைக்க வேண்டாம். காய்ச்சல், இரவு வியர்வை, காரணமில்லாத எடைக்குறைவு, நெறி திடீரென்று பெரிதாவது, இவற்றில் எது வந்தாலும் அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திருக்காமல் உடனே சொல்லுங்கள்.

வேர்மொழி:

மாயோ சோதனையில் ஒப்பீட்டுப் பிரிவு இல்லை என்பது முக்கியமான குறைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதைத் தொடர்ந்து பெரிய சோதனை நடத்த வேண்டிய பொறுப்பு யாருடையது என்ற என் கேள்வி அப்படியே நிற்கிறது. 42 பேரோடு நின்றுபோனது நோயாளிகளுக்குச் செய்த அநியாயம்.

இன்னொன்று கேட்கிறேன். லுகேமியாவை உற்பத்தி செய்யும் மூலச் செல்களான ஸ்டெம் செல்களையே கொல்கிறது என்று பார்த்தெனோலைடு பற்றி ஒரு காலத்தில் நிறையப் பேசினார்கள். அது என்ன ஆயிற்று?

ஆய்வகத்தோழி:

அது நியாயமான கோபம், வேர்மொழி. நான் மறுக்கவில்லை.

பார்த்தெனோலைடு ஃபீவர்ஃப்யூ என்ற, சாமந்தி இனத்துச் செடியில் இருப்பது. 2005-இல் வந்த ஆய்வு அது. தீவிர மைலாய்டு லுகேமியாவில் சாதாரண கீமோவுக்குத் தப்பி ஒளிந்திருந்து நோயைத் திரும்பக் கொண்டுவருவது ஸ்டெம் செல்கள்தான். பார்த்தெனோலைடு அவற்றைக் கொன்றது, ஆரோக்கியமான ரத்த ஸ்டெம் செல்களைப் பெருமளவு விட்டுவைத்தது. லுகேமியா செல்கள் உயிர்வாழ நம்பும் என்.எஃப். கப்பா பி என்ற சமிக்ஞையை அடக்கி, கூடவே செல்லுக்குள் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தையும் கூட்டுகிறது. இப்படிப் பிரித்துத் தாக்கும் பொருள் அபூர்வம், அதனால்தான் அத்தனை பேச்சு.

சிக்கல் என்னவென்றால் அது தண்ணீரில் கரையாது. வாய்வழியே போனால் ரத்தத்தில் போதிய அளவு சேர்வதில்லை. அதன் அமைப்பில் ஒரு அமீன் பகுதியைச் சேர்த்து, கரையக்கூடிய டி.எம்.ஏ.பி.டி. என்ற வடிவத்தை உருவாக்கினார்கள். மனிதர்களில் சோதிக்கும் கட்டம் வரை அது வந்தது, இன்னும் மருந்தாகவில்லை. ட்ரிப்டோலைடு என்ற இன்னொரு தாவரப் பொருளுக்கும் இதே பாதைதான். மூலப்பொருள் கடும் நச்சு, கரையவும் கரையாது. மின்னெலைடு என்ற கரையும் வடிவத்தைச் செய்து மைலாய்டு லுகேமியாவிலும் சோதித்திருக்கிறார்கள்.

ஃபீவர்ஃப்யூ மாத்திரை ஒற்றைத் தலைவலிக்கென்று கடைகளில் கிடைக்கிறது. அந்த மாத்திரையை வாங்கி விழுங்கினால் 2005 ஆய்வில் நடந்தது உடலில் நடக்கும் என்று யாரும் எண்ண வேண்டாம். அதை விழுங்கிய மனிதர்களின் ரத்தத்தில் பார்த்தெனோலைடு கண்டுபிடிக்கக்கூடிய அளவுக்கே வரவில்லை என்று முதல் கட்டச் சோதனை ஒன்று ஏற்கனவே காட்டியிருக்கிறது.